அப்பா எழுதிய கண் பரீட்சை

போன மாதம் என் அப்பா கண் டெஸ்ட்டில் பாஸ் ஆனார். சும்மா பாஸ் இல்லை. டாக்டரே பாராட்டும் அளவுக்கு மார்க்.

பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

பாஸ் ஆனால் என்ன பிரச்சினை என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஃபெயில் ஆவதைவிட பாஸ் ஆவது ஆபத்தாக இருக்கக்கூடிய ஒரு பரீட்சை உலகத்தில் உண்டு. அதற்குப் பெயர் கண் பிரஷர்.

அப்பா ஏழுமலையை இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு வரி: புதுச்சேரியில் மில்லில் தறி ஓட்டியவர், மில் மூடிய பிறகு காலாப்பட்டு பக்கம் ஒரு அபார்ட்மென்ட்டில் செக்யூரிட்டி. பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஸ்லேட்டைத் தொட்டவள் நான். இதை நான் சந்தர்ப்பம் கிடைத்தால் எல்லாம் சொல்லிக்கொள்வதாக வீட்டில் ஒரு குற்றச்சாட்டு உண்டு. இருக்கட்டும். இப்போதும் சொல்லிக்கொள்கிறேன்.

டியூட்டி முடிந்து கருவடிக்குப்பம் வீட்டுக்குத் திரும்பினால் அப்பாவுக்கு ஒரே ஒரு வேலை – பெத்தாங். இரும்புக் குண்டை எறிந்து, தூரத்தில் கிடக்கும் சின்ன மர உருண்டைக்கு யாருடைய குண்டு பக்கத்தில் போகிறது என்று பார்க்கிற ஆட்டம். பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊரில் விட்டுப்போனது நிறைய. அதில் எங்கள் தெரு ஆண்கள் ஒரு நாள்கூடத் தவறாமல் காப்பாற்றி வருவது இதை மட்டும்தான்.

அந்த மைதானத்துக்கு ராஜா, சொல்தா பெரியப்பா. ரத்த சொந்தம் கிடையாது, தெரு முறையில் பெரியப்பா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். இவர் சின்ன வயதில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் – அவர் வாயில் ‘எக்கோல்’ – படித்தவர். நான் பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று ஸ்வீட் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

“எத்தினி பாப்பா?”

ஆயிரத்து நூற்றுச் சொச்சம் என்றேன். தெருவே வாயைப் பிளந்த மார்க். அவர் மட்டும் உதட்டைப் பிதுக்கினார்.

“ஆயிரமா? அதெல்லாம் ஒரு மார்க்கா? மூட்டையில கட்டிக் குடுக்கற மாதிரி. எங்க எக்கோல்ல மொத்த மார்க்கே இருபதுதான். பதினாலு வாங்குனா பெத்தவங்களக் கூப்புட்டுக் கை குடுப்பாங்க. பதினெட்டுலாம்... வாத்தியாரு எழுதுனாலும் வராது.”

சொல்லிவிட்டு மைசூர்பாகில் மட்டும் இரண்டு எடுத்துக்கொண்டார். நான் அன்றைக்கே அவரை மன்னித்துவிட்டேன் – கொஞ்சமாக.

இருக்கட்டும், அப்பாவுக்கு வருவோம். எதிராளியின் குண்டை அடித்து விரட்டுவதும் இந்த ஆட்டத்தில் உண்டு. அதில் அப்பா எறிந்த குண்டு குறி தப்பாது. எதிராளியின் குண்டு எத்தனை தூரத்தில் கிடந்தாலும் நேராக அதன் உச்சந்தலையில் போய் இறங்கும். ஆனால் எறிந்துவிட்டு நகரும்போது, காலுக்குப் பக்கத்தில் கிடக்கிற குண்டை மிதித்துவிடுவார். தடுமாறுவார். சில நாள் விழுவார்.

“ஏழுமலைக்கு எதிர் டீமே வேணாம். கீழ கெடக்கற குண்டு போதும்” என்பார் சொல்தா பெரியப்பா. மைதானமே சிரிக்கும். அப்பாவும் மண்ணைத் தட்டிக்கொண்டே சிரிப்பார்.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. முதலில் காலைச் சந்தேகப்பட்டோம் – அம்மா முட்டிக்குத் தைலம் தேய்த்தார். அடுத்து செருப்பைச் சந்தேகப்பட்டோம் – புதுச் செருப்பு வந்தது. பிறகு ரத்தம் குறைந்துவிட்டது என்று வாரம் ஒரு முறை ஈரல் வறுவல் வந்தது. இதை மட்டும் அப்பா எந்த மறுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டார்.

கண்ணை யாரும் சந்தேகப்படவில்லை. எப்படிச் சந்தேகப்படுவோம்? அத்தனை தூரத்துக் குண்டை அடிக்கிற கண்ணாயிற்றே.

ஆறு மாதத்துக்கு முன்னால் என் ஆபீஸில் கண் பரிசோதனை முகாம் போட்டார்கள். குடும்பத்தாரையும் அழைத்து வரலாம் என்றார்கள். கண்ணாடி இலவசம் என்றதும் அப்பா வந்தார். மோவாயை ஒரு மிஷினில் வைக்கச் சொன்னார்கள். மிஷின் கண்ணில் புஸ் என்று காற்றை ஊதியது. அப்பா நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிட்டார்.

“இன்னாம்மா இது, சொல்லாம கொள்ளாம மூஞ்சில ஊதுது?”

“அவ்ளோதான் சார், முடிஞ்சிது” என்றார் மிஷினுக்குப் பின்னால் இருந்த பெண். “கண் பிரஷர் இருபத்தெட்டு இருக்கு. இருபத்தொண்ணுக்கு மேல போனாலே பாக்கணும். பெரிய ஆஸ்பத்திரியில காட்டிடுங்க.”

கண்ணாடி கொடுக்கவில்லை. அப்பாவுக்கு வருத்தம் அதில்தான்.

செய்தி சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் போய்விட்டது. எங்கள் தெருவில் ஒருவருக்கு வியாதி வந்தால் மற்ற எல்லோரும் டாக்டராகிவிடுவார்கள். ஏழுமலைக்குப் பிரஷரா, கோபமே வராத மனுஷனுக்கு எப்படிப் பிரஷர் வரும் என்றார் ஒருவர். கண்ணில் வருகிற பிரஷர் வேறே, கையில் பட்டை கட்டிப் பார்க்கிற பிரஷர் வேறே என்று நான் விளக்கினேன். பாடம் நடத்துகிறாள் என்றார்கள். பொன்னாங்கண்ணிக் கீரை வந்து குவிந்தது. சொல்தா பெரியப்பா மட்டும் வெளிநாட்டு வைத்தியம் சொன்னார்.

“தண்ணி குடிடா. டெஸ்டுக்கு முன்னாடி ஒரே மூச்சுல ஒரு பாட்டிலு. உள்ள அலசிக் கொண்டுபோயிரும். பிரான்சுல நாங்க அப்பிடித்தான்.”

பிரான்சில் அவருக்குக் கண் பிரஷர் இருந்ததா? இல்லை. அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று அப்பா ஜம்மென்று கிளம்பினார். செக்யூரிட்டி யூனிஃபார்ம். கழுத்துப் பட்டன் வரை போட்டு, அதன்மேல் கம்பெனி டை. “டாக்டரப் பாக்கப் போறோம், கண்டமேனிக்குப் போவ முடியுமா?” ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஒரு பாட்டில் தண்ணீரைக் கவிழ்த்தார், ஒரே மூச்சில்.

பெண் டாக்டர். என்னைவிட நாலைந்து வயது பெரியவராக இருப்பார். கண்ணில் நீல விளக்கு அடித்துப் பிரஷர் பார்த்தார். அப்பாவின் கழுத்தைப் பார்த்தார்.

“ஐயா, முதல்ல அந்த டையைக் கழட்டுங்க. மூச்சே விட முடியாத மாதிரி கட்டியிருக்கீங்க. கழுத்த இறுக்கினாலே கண்ணுல பிரஷர் ஏறும். தண்ணி ஏதாச்சும் குடிச்சீங்களா?”

“ஒரு பாட்டிலு. ஃபுல்லா” என்றார் அப்பா, பெருமையாக.

“மொத்தமா குடிச்சாலும் ஏறும்.”

டை இல்லாமல், தண்ணீர் இல்லாமல், வெளியே உட்கார வைத்துவிட்டு மறுபடி பார்த்தார். கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆனால் கொஞ்சம்தான். பிறகு கண்ணுக்குள் நரம்பைப் பார்த்தார். ஓரப் பார்வைக்கு ஒரு டெஸ்ட் எடுத்தார் – ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, புள்ளி வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பட்டனை அமுக்க வேண்டும். அதன் ரிசல்ட் பேப்பரில் இரண்டு கண்ணுக்கும் ஓரமாகக் கறுப்புத் திட்டு விழுந்திருந்தது.

“கண்ணுக்குள்ள ஒரு குழாய் எந்நேரமும் சொட்டிக்கிட்டே இருக்கும் ஐயா” என்றார் டாக்டர். “அந்தத் தண்ணி வெளிய போக ஒரு வாய்க்கால் இருக்கு. வயசாக ஆக வாய்க்கால் மந்தமாயிடும். குழாய் நிக்காது. உள்ள அழுத்தம் ஏறி, பின்னாடி இருக்கற நரம்பை நசுக்கும்.”

“எங்க தெரு மாதிரி” என்றார் அப்பா.

நவம்பர் மழையைப் பார்த்த எந்தப் புதுச்சேரிக்காரருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

“அதேதான். ஆனா தெருவுல தண்ணி ஏறினா உங்களுக்குத் தெரியும். கண்ணுல ஏறினா தெரியாது. வலிக்காது, சிவக்காது. நேரா பாக்கறது கடைசி வரைக்கும் நல்லாத்தான் இருக்கும். ஓரம்தான் முதல்ல போகும்.”

வயதானால் எல்லோருக்கும் ஏறுமா என்று கேட்டேன். அப்படி இல்லை என்றார். சிலருக்கு ஏறும், சிலருக்கு ஏறாது. ஏறாமலேயே நரம்பு கெடுகிறவர்களும் உண்டு. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, உடம்பு எடை – இவையெல்லாம் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் தள்ளிவிடும். கண் சிவந்தால் மெடிக்கல் ஷாப்பில் தானாகவே சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொள்கிற பழக்கம் இருந்தால், அதில் ஸ்டீராய்டு இருந்தால், இன்னும் ஏறும். அப்பாவுக்கு இதில் முக்கால்வாசி பொருந்தியது. தினமும் சாயங்காலம் இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு, வாழ்நாள் முழுக்க என்று எழுதிக் கொடுத்தார்.

இத்தனையையும் கேட்டுவிட்டு வெளியே வந்த அப்பா தெருவில் போய் என்ன சொன்னார் தெரியுமா?

“ஒண்ணும் இல்லண்ணே. டைதான் வியாதி.”

கம்பெனி சூப்பர்வைசரிடம் டை கட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டார், டாக்டர் உத்தரவு என்று. மற்ற வாட்ச்மேன்களும் அவரைப் பின்பற்றினார்கள். ஒரு மனிதரின் கண் நோயால் ஓர் அபார்ட்மென்ட்டுக்கே விடுதலை கிடைத்தது.

நான் மாதாமாதம் சொட்டு மருந்து வாங்கிக் கொடுத்தேன். திறக்காத பாட்டிலைக் குளிரில் வைக்க வேண்டும் என்பதால் அம்மா ஃப்ரிட்ஜ் கதவில், முட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். ஆபீஸிலிருந்து வந்ததும் கேட்பேன்:

“ஆச்சாப்பா?”

“ஆச்சு பாப்பா.”

படித்த மகளின் கடமை முடிந்தது. இதைவிட என்ன வேண்டும்?

அடுத்த செக்கப் போன மாதம். டை இல்லை. தண்ணீர் பாட்டில் இல்லை. டாக்டர் நீல விளக்கில் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“பதினஞ்சு. ரெண்டு கண்ணுலயும். ரொம்ப நல்லா மருந்து போடறீங்க ஐயா.”

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ரேங்க் கார்டை நீட்டிவிட்டு நான் அவரைப் பார்த்த பார்வை அது.

அடுத்து ஓரப் பார்வை டெஸ்ட். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அறையிலிருந்து வந்த அப்பா அலுத்துக்கொண்டார்.

“மிஷினு ரிப்பேரு பாப்பா. ரொம்ப நேரம் லைட்டே வரல. சும்மா உக்காந்துகினு இருந்தேன்.”

மிஷின் ரிப்பேர் இல்லை. லைட் வந்துகொண்டேதான் இருந்திருக்கிறது.

டாக்டர் பழைய பேப்பரையும் புதிய பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். புதியதில் கறுப்பு உள்ளே நகர்ந்து வந்திருந்தது. எனக்கே தெரிந்தது. சற்று முன்பு பாராட்டிய முகத்தில் சிரிப்பு இல்லை.

“பிரஷர் இவ்ளோ நல்லா இருக்கு. ஆனா நரம்பு கெட்டுக்கிட்டே போகுதே...” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு மேஜையிலிருந்து ஒரு சொட்டு மருந்து பாட்டிலை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். “ஐயா, நீங்க தினமும் எப்படிப் போடுவீங்களோ, அப்படி ஒரு சொட்டு போட்டுக் காட்டுங்க. இது வெறும் கண்ணை ஈரமாக்கற மருந்துதான்.”

அப்பா பாட்டிலை வாங்கினார். தலையைச் சாய்த்தார். பெத்தாங் குண்டைப் பிடிக்கிற மாதிரி உள்ளங்கையைக் கவிழ்த்து, ஒரு கண்ணைச் சுருக்கிக் குறி பார்த்தார். அழுத்தினார்.

சொட்டு மீசையில் விழுந்தது.

இன்னொன்று. காதோரம்.

கருவடிக்குப்பத்திலேயே குறி தப்பாத மனிதர் ஐயா இவர்.

“வீட்ல யாரு போட்டு விடறது?” என்றார் டாக்டர், மெதுவாக.

“இவங்க அம்மா.”

“தினமுமா?”

“தினமும் எதுக்கு டாக்டரம்மா? டெஸ்டுக்கு முன்னாடி.” அப்பாவுக்கு இதில் மறைக்க எதுவும் இருப்பதாகவே தோன்றவில்லை. “மூணு நாளு முன்னாடிலேர்ந்து கரீக்டா போட்ருவோம். ஒரு வேளகூட வுடமாட்டோம்.”

நான் எழுந்துவிட்டேன். “அப்பா... நான் தினமும் கேக்கறேன், நீ ஆச்சுன்ற.”

“ஆச்சுதான? சாப்பாடு ஆச்சு, டீ ஆச்சு. நீ இன்னா ஆச்சுன்னா கேட்ட?”

“டெஸ்டுக்கு முன்னாடி மட்டும் போட்டா என்ன பிரயோஜனம்பா?”

“இன்னா பாப்பா இப்பிடிக் கேக்கற? நீ எப்பிடிப் படிச்ச? வருசம் முச்சூடும் ஊரு சுத்திகினு இருப்ப. பரீட்சைக்கு மூணு நாளு முன்னாடி கதவச் சாத்திகினு உக்காருவ. டீ போட்டுக் குடுத்தே உங்கம்மாவுக்குக் கை ஓஞ்சிபோவும். ஃபர்ஸ்ட் கிளாஸு வாங்குனியா இல்லியா? ஊரே மெச்சிச்சா இல்லியா?”

டாக்டர் பேப்பரைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார். தோள் லேசாகக் குலுங்கியது. அவரும் அப்படிப் படித்தவராகத்தான் இருப்பார்.

யோசித்துப் பார்த்தேன். பள்ளிக்கூடம் போகாத ஒரு வீட்டுக்குப் பரீட்சை என்றால் என்னவென்று எப்படித் தெரியும்? என்னைப் பார்த்துத்தான் தெரியும். நான் காட்டியது இவ்வளவுதான்: மூன்று நாள் அரக்கப்பரக்கப் படி. எழுது. பாஸ் ஆகு. மறந்துவிடு. எங்கள் வீட்டுக்கு நான் கொண்டுவந்த கல்வி, அப்பாவின் கண் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

அப்பா மட்டும்தான் இப்படியா? எங்கள் தெருவில் சுகர் டெஸ்ட் என்றால் முந்தின இரண்டு நாள் சோறு கிடையாது. வெந்தயத் தண்ணீர், பாகற்காய், கடற்கரைச் சாலையில் வேக வேகமாக வாக்கிங். ரிசல்ட் நார்மல் என்று வந்ததும் அன்று மத்தியானமே பிரியாணி. இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் மட்டும் வெள்ளை அடிக்கிற பள்ளிக்கூடம் மாதிரி உடம்பை வைத்துக்கொள்கிறோம். டாக்டரை ஏமாற்றிவிட்டோம் என்று வேறு சந்தோஷம். டாக்டரின் கண்ணா போகிறது?

டாக்டர் நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

“ஐயா, உங்க பிரஷரை நான் பாக்கறது ஒரு அஞ்சு நிமிஷம். மீதி நாள் பூரா அது உங்க நரம்பைப் பாத்துக்கிட்டு இருக்கு. அதை ஏமாத்த முடியாது. இப்பப் போன ஓரம் திரும்பி வராது. எந்த மருந்துக்கும் வராது, ஆபரேஷனுக்கும் வராது. இருக்கறதைக் காப்பாத்தலாம், அவ்வளவுதான்.”



“எனக்கு ஒண்ணும் கறுப்பா தெரியலியே டாக்டரம்மா. எல்லாம் தெரியுதே.”

“கறுப்பாத் தெரியாது. கண்ணு பாக்காத எடத்தை மூளையே சுத்திலும் இருக்கறத வச்சு வரைஞ்சு நிரப்பிடும். சுவரு இருந்தா சுவரு, தரை இருந்தா தரை.”

“மண்ணு இருந்தா?” என்றேன்.

“மண்ணு.”

குண்டு கிடக்கும். அப்பாவுக்கு மண் மட்டும் தெரியும். தைலமும் செருப்பும் ஈரல் வறுவலும் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தன.

“வண்டி ஓட்டறீங்களா?” என்று கேட்டார் டாக்டர்.

காலாப்பட்டுக்கு தினமும் ஈ.சி.ஆர். ரோட்டில்தான் பைக்கில் போகிறார். அப்பா அதைச் சொல்லவில்லை. வேறொன்றைச் சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டு.

“போன வாரம் பிள்ளைச்சாவடிகிட்ட ஒரு மெட்ராஸ் பஸ்ஸு... திடீர்னு பக்கத்துல மொளச்சிச்சு. அதுவரிக்கும் வெறும் ரோடுதான் இருந்துது. டிரைவரு கண்டபடி திட்டிட்டுப் போனான்.” நிறுத்தினார். “நான் அவனுக்குத்தான் கண்ணு தெரியலன்னு நெனச்சேன்.”



கிளம்பும்போது டாக்டர் என்னை உட்காரச் சொன்னார். இது குடும்பத்தில் வருகிற சங்கதி, பிள்ளைகளும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். சின்ன வயது என்பதெல்லாம் காரணம் இல்லையாம். மோவாயை வைத்தேன். வாழ்க்கையில் முன்தயாரிப்பு இல்லாமல் நான் எழுதிய முதல் பரீட்சை. பயமாகத்தான் இருந்தது.

“பதினாறு. நரம்பும் நல்லா இருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை பாத்துக்குங்க.”

வெளியே வந்ததும் அப்பா கேட்டார், “எத்தினின்னாங்க?”

“பதினாறு.”

“நான் பதினஞ்சு” என்றார். “கம்மியா இருந்தாதான நல்லது?”

முதல்முறையாக ஒரு பரீட்சையில் என்னை ஜெயித்துவிட்டார். அதுவும் காப்பியடித்து.

ஆனால் பைக் ஸ்டாண்டுக்கு வந்ததும், பையிலிருந்து சாவியை எடுத்து, கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு என்னிடம் நீட்டினார். “நீ ஓட்டு பாப்பா.” தன் மாப்பிள்ளை ஊர்வலத்தில்கூட இன்னொருத்தர் ஓட்டுகிற வண்டியில் உட்கார மாட்டேன் என்று நடந்தே வந்தவர். அன்றைக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். வீடு வரும் வரை ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் எனக்குப் பாடம் நடத்தினார் என்பது வேறு விஷயம். மறுநாளிலிருந்து காலாப்பட்டுக்கு பஸ்.

அன்று வீட்டில் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தேன். முட்டைகள் தீர்ந்திருந்தன. பாட்டில்கள் தீரவில்லை. ஐந்தில் ஒன்றுதான் திறந்திருந்தது. அம்மாவைப் பார்த்தேன்.

“என்ன ஏன் பாக்கற? நீ பரீட்சைக்குப் படிக்கறப்ப நான் டீ போட்டேன். அவுரு பரீட்சைக்கு மருந்து போட்டேன். எனக்குத் தெரிஞ்சது அதுதான்” என்றார் அம்மா.

உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். எதற்கும் இருக்கட்டும்.

மருந்தைத் தானே போட்டுக்கொள்ள அப்பாவுக்கு ஒரு வாரம் பிடித்தது. சொல்லிக்கொடுத்தது நான் இல்லை, மைதானம். ஆட்டத்துக்கு நடுவில், சிமென்ட் பெஞ்சில் மல்லாந்து படுக்க வைத்துவிட்டார்கள். முதலில் சொட்டு எல்லாம் நெற்றிக்குத்தான் போனது. சொல்தா பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

“டேய், இது அடிக்கற குண்டு இல்லடா. பக்கத்துல கொண்டாந்து வெக்கற குண்டு. கீழ் இமையப் புடிச்சி இழு. ஒரு பள்ளம் ஆவுதா? அதுக்குள்ள வை.”

“நீ குடுத்த தண்ணி வைத்தியம் மாதிரி ஆயிராதே அண்ணே?”

“அதையே சொல்லிக் காட்டுவியாடா? படு ஒழுங்கா.”

இப்போது தினமும் சாயங்காலம் ஆட்டம் அரை மணி நேரம் நிற்கிறது. சொட்டு போட ஒரு நிமிடம்தான். மீதி நேரம் அது சரியாக விழுந்ததா இல்லையா என்கிற விவாதம்.

இந்தக் கதையில் இன்னும் ஒரு பரீட்சை பாக்கி. அடுத்த செக்கப் தேதியை டாக்டர் அப்பாவிடம் சொல்லவில்லை. என் காதில் சொன்னார். இந்தச் செவ்வாய்க்கிழமை காலை, ஒரு வேலை இருக்கிறது வா என்று அப்பாவை வண்டியில் ஏற்றினேன். ஷேவ் செய்யாத முகம், சாயம் போன சட்டை. ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

“சொல்லியிருந்தா ரெடி ஆயிருப்பேன்ல. நான் ஒண்ணுமே படிக்கல பாப்பா.”

அன்றைக்கு வந்த நம்பர் – பதினெட்டு.

“காலையில கொஞ்சம் ஏறித்தான் இருக்கும்” என்றார் டாக்டர். “ஆனா இது நிஜமான நம்பர். இப்படியே போடுங்க. அடுத்த தடவை பாத்துட்டு, இன்னும் எறக்கணும்னா இன்னொரு மருந்து சேக்கலாம்.” எனக்கு நிம்மதி. அப்பாவுக்கு? பதினைந்து வாங்கியவர் ஆயிற்றே. திரும்பி வரும்போது ஸ்பீடு பிரேக்கருக்குக்கூட வாயைத் திறக்கவில்லை. ஒரு மாதம் ஒழுங்காகப் போட்டு, மூன்று நம்பர் மோசம். நாளையிலிருந்து எதற்குப் போட வேண்டும் என்று அவர் நினைத்துவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

சாயங்காலம் நானும் மைதானத்துக்குப் போனேன். அப்பா ஓரமாக உட்கார்ந்திருந்தார். பாட்டிலை வெளியே எடுக்கவில்லை. எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது, எங்கள் தெருவாயிற்றே.

“எத்தினிடா வாங்குன?” என்றார் சொல்தா பெரியப்பா.

“பதினெட்டுண்ணே.”

பெரியப்பா கையிலிருந்த குண்டைக் கீழே வைத்தார்.

“எவ்ளோ?”

“பதினெட்டு.”

“பதினெட்டா?” மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். “கேட்டீங்களாடா? பதினெட்டு. எங்க எக்கோல்ல ஒருத்தன் வாங்குனது இல்ல. எங்க வாத்தியாரு மவனே பதினாறோட நின்னுட்டான். நீ பள்ளிக்கூடமே போவாதவன்...” கீழே கிடந்த குண்டுகளைத் தாண்டி வந்து, அப்பாவுக்குக் கை கொடுத்தார். பிரெஞ்சுக்காரர்கள் கொடுப்பதுபோல, ஒரே ஒரு குலுக்கு.

அப்பா என்னைப் பார்த்தார். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். நார்மல் எதுவரை, இருபதுக்கு இல்லை, கம்மியாக இருந்தால்தான்... மூடிக்கொண்டேன். படித்தவள் என்றால் எல்லா இடத்திலும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டுமா என்ன?

யாரும் ஞாபகப்படுத்தவில்லை. அப்பாவே சட்டைப் பையிலிருந்து பாட்டிலை எடுத்தார், பெஞ்சில் மல்லாந்தார், கீழ் இமையை இழுத்தார். சொட்டு பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்தது.

அடுத்த தடவை பத்தொன்பது வாங்கிக் காட்டுகிறேன் என்று கிளம்பாமல் இருந்தால் சரி.